பதினேழு மூக்குத்தியும் என் குரலும்

ரொறொன்ரோவில் தமிழ் வானொலி அறிவிப்பாளராக இருப்பதற்கு நல்ல குரல் மட்டும் போதாது. சாட்சி சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தை வாசித்து முடித்ததும், "நானே நேரில போய்ப் பாத்தனான், நீங்களும் நம்பிப் போகலாம்" என்று எங்கள் கையால் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியைக் கேட்ட பிறகுதான் எங்கள் சனம் காரை எடுக்கும். கொடுத்த விளம்பரத்தை அப்படியே வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுகிறவரை யாரும் மதிப்பதில்லை. விளம்பரம் கொடுத்தவரும் அடுத்த மாதம் வேறு வானொலிக்குப் போய்விடுவார்.

நான் இருபது வருடங்களாக இப்படிச் சாட்சி சொல்லி வருகிறேன். வீடு விற்பவர்கள், நகைக்கடைகள், மட்டன் றோல் கடைகள், பேஸ்மென்ற் ஒழுக்கு அடைப்பவர்கள் என்று என் வாயால் வாழ்ந்தவர்கள் பலர். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் துப்புரவு செய்யும் ஒருவரைப் பற்றி ஒரு குளிர்காலம் முழுவதும், "எங்கட வீட்டுக்கும் அவர்தான் வந்தவர், இப்ப வீடே நல்லா மூச்சு விடுது" என்று உருகியிருக்கிறேன். நான் இருப்பது யூனியன்வில்லில் ஒரு கொண்டோவின் ஒன்பதாம் மாடி; சூடு முழுக் கட்டடத்துக்கும் பொது. எனக்கென்று ஒரு ஃபேர்னஸ் இந்த உலகத்தில் எங்குமே கிடையாது.

இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கல்யாண வீட்டில் கை கழுவிக்கொண்டு வரும்போது பெண்ணின் தகப்பன் "சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டால், "உப்புக் காணாது" என்று யாராவது சொல்வோமா? அந்த வகையில்தான் இதையும் வைத்திருந்தேன்.

அதனால் போன வருடம் கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்றுக்கு யாழ்ப்பாணத் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, நான் எதையும் யோசிக்கவில்லை. விளையாட்டு என்றால் பிள்ளைகளின் விவகாரம், குரல் என்றால் என் விவகாரம். மார்க்கம் நகரில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். முகத்தில் தாடியும், கையில் பெரிய கோப்பிக் கோப்பையும், வாயில் நிமிடத்துக்கு நான்கு "மேடம்"களும் இருந்தன.

விளையாட்டு ஒரு கல்யாண வீடு. மணவறை சோடிக்க வேண்டும், வாசலில் வாழை கட்ட வேண்டும், பலகாரத் தட்டு அடுக்க வேண்டும். இதெல்லாம் இலவசம். பெண்ணுக்குப் பூட்டும் நகை மட்டும் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியை நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். மூக்குத்தியாக இருக்கலாம், மோதிரமாக இருக்கலாம், ஒட்டியாணமாகவும் இருக்கலாம். ஒட்டியாணம் கிடைத்தால்தான் தாலி கட்டு நடக்கும். அதுவரை மாப்பிள்ளை சோடித்த காருக்குள்ளேயே குந்திக்கொண்டிருப்பார்.

நான் பேச வேண்டியது பெட்டிக்கான வசனங்கள். பெட்டி குலுங்கும்போது, "வருது, வருது, கண்ணை மூடாதேங்கோ!" மூக்குத்தி விழுந்ததும், "ஐயோ, கிட்ட வந்து தப்பிட்டுது! இன்னும் ஒருக்காத் திறந்து பாருங்கோ!" விளையாட்டை மூடப் போகும்போது, "என்ன, அதுக்குள்ள போறியளோ? பெட்டி உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கு."

"சூப்பர் மேடம். ஆனா இன்னும் கொஞ்சம் பாசமா சொல்லலாம்," என்றார் அந்தச் சென்னைத் தம்பி.

பாசம் கேட்டால் எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? வசனத்தின் முடிவில் நானாகவே "என்ர ராசாத்தி" என்று சேர்த்தேன். அவர் காதில் இருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், செம! இந்த ராசாத்தியை எல்லா லைன்லயும் போட்டுடலாம்."

அன்றைக்கு நான் பெருமையோடுதான் வீடு திரும்பினேன். பிறகு அதே நிறுவனம் எங்கள் வானொலியில் விளம்பர நேரமும் வாங்கியது. அதையும் நானே வாசித்தேன். வழக்கப்படி, "நானும் விளையாடுறனான், பொழுது போறதே தெரியாது" என்று ஒரு சாட்சியும் சேர்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் காலை நிகழ்ச்சிக்கு நாள் தவறாமல் தொலைபேசி எடுக்கும் அன்ரி ஒருவர் இருக்கிறார். டோர்செட் பார்க்கில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் தனியாக இருப்பவர், எழுபதைத் தாண்டியவர். வானொலியை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவர் குரலும் என் குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு காற்றலையில் கூச்சலிடும். "அன்ரி, முதல் றேடியோவைக் குறையுங்கோ" என்று நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் கத்துவேன். அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்தவள் நான்தான்.

அன்ரி பெருமைக்காரி. காது மெசின் வாங்கித் தருகிறேன் என்று றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மகன் சொன்னபோது, "ஒருத்தரும் தரத் தேவையில்லை, நான் என்ர பென்சனில மிச்சம் பிடிச்சு வாங்குவன்" என்று வானொலியிலேயே அறிவித்தவர். அன்றைக்கு எட்டுப் பேர் தொலைபேசி எடுத்து அவரை வாழ்த்தினார்கள். ஒருவர் அவருக்காகப் பாட்டும் கேட்டார்.

ஒரு நாள் காலை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அன்ரி எடுத்தார்.

"பிள்ளை, உதைக் காத்தலையில விட வேண்டாம். ஒரு விசயம் கேக்க வேணும். ஒட்டியாணம் எப்ப வரும்?"

எனக்கு விளங்கவில்லை. "எந்த ஒட்டியாணம் அன்ரி?"

"என்ன, ஒண்டும் தெரியாத மாதிரிக் கேக்கிறியள்? நீங்கள்தானே கிட்ட வந்திட்டுது, கிட்ட வந்திட்டுது எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறியள். என்னட்டை இப்ப பதினேழு மூக்குத்தி இருக்கு. ஒரு பொம்பிளைக்கு எத்தினை மூக்கு பிள்ளை?"

பாட்டு முடிய இரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் அன்ரி முழுக் கதையையும் சொல்லிவிட்டார். பக்கத்துக் கடையில் கிஃப்ற் காட் வாங்கி, சுரண்டி, இலக்கத்தைப் போட்டுப் பெட்டி வாங்குகிறாராம். காது மெசினுக்கு வைத்த காசில் அரைவாசி போய்விட்டதாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஒட்டியாணம் வந்தால் கல்யாணம் முடிந்துவிடும், பிறகு செலவில்லை என்றார்.

"அன்ரி, அதுக்குள்ள கதைக்கிறது நான் இல்லை. அது பதிஞ்சு வைச்சது," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே? நான் என்ன விசரியே? ஆனா நீங்கள் ஒரு பொருளைத் திறந்து பாக்காமல் சொல்ல மாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

பாட்டு முடிந்தது. அடுத்து வாசிக்க இருந்தது ஆயுள் காப்புறுதி விளம்பரம். இருபது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு நாக்குக் குழறியது.

அன்று பின்னேரமே டோர்செட் பார்க்குக்குப் போனேன். மூன்று எலிவேற்றரில் ஒன்றுதான் வேலை செய்தது. அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரோ பெரியவர் வரப்போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெட்டி திறக்கப் போகிறார். மரக்கறிக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த கலண்டரைப் பார்த்து, ராகுகாலம் முடிந்துவிட்டது என்று உறுதி செய்தார். போன கிழமை ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திறந்ததால்தான் ஐந்து மூக்குத்தி வரிசையாக வந்தது என்பது அவருடைய ஆராய்ச்சி. கனடா நேரத்துக்குக் கணித்த கலண்டரைத்தானே பார்த்திருக்க வேண்டும், தன் பிழை என்றார்.

காதில் வயரைச் செருகாமல், எனக்காகச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பெட்டி குலுங்கியது. ஒட்டியாணத்தின் ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்து மினுங்கியது. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். விழுந்தது பதினெட்டாவது மூக்குத்தி.

"ஐயோ, கிட்ட வந்து தப்பிட்டுது! இன்னும் ஒருக்காத் திறந்து பாருங்கோ, என்ர ராசாத்தி!" என்றது என் குரல்.

"இனித் திறக்க வேண்டாம் அன்ரி, காணும்," என்றேன் நான்.

அன்ரி என்னையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களைவிட இவ நல்லாக் கதைக்கிறா," என்று சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டியைத் தொட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரில் கோபம் என்பதுதான் தெரியவில்லை. கீழே வந்து, காருக்குள் இருந்தபடியே அந்த விளையாட்டை என் தொலைபேசியில் இறக்கினேன். திறந்து பார்க்காமல் சாட்சி சொன்னவள், இனியாவது திறந்து பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரே ஒரு பெட்டி. பரிசோதனைக்கு.

அது ஒரு கிழமை நீடித்தது. என்னைப் பிடித்தது நகையில்லை, என் குரல்தான். அது என்னையே ராசாத்தி என்றது. என்னை யாரும் ராசாத்தி என்று கூப்பிட்டுப் பல வருடமாகிறது; என் கணவர் என்னை "இஞ்சேரும்" என்பதோடு நிறுத்திக்கொள்பவர். பெட்டி குலுங்கும்போது, "வருது, வருது" என்று நானே எனக்குச் சொல்ல, நானே அதை நம்பினேன். அந்த வசனத்தைப் பேசியபோது நான் எலுமிச்சந் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதும், எந்தப் பெட்டியையும் கண்ணால் காணவில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே திறந்தேன். நிகழ்ச்சிக்கு நடுவில் பாட்டுப் போட்டுவிட்டுத் திறந்தேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாகனத் தரிப்பிடத்தில், கும்பிடப் போகுமுன் ஒன்று, கும்பிட்டு வந்து ஒன்று என்று திறந்தேன். கும்பிட்ட பிறகு திறந்ததில் மோதிரம் விழுந்தபோது, பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன் என்பதையும் வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள்தான் பிடித்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

"அம்மா, உள்ளுக்குள்ள ஆரோட கதைக்கிறீங்க?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"ஓ மை கோட். உங்கட வொய்ஸே உங்கள ஸ்காம் பண்ணுது. திஸ் இஸ் லிற்றறலி கம்பிளிங், சூதாட்டம் அம்மா. டிலீற் பண்ணுங்க."

என்னிடம் பதினொரு மூக்குத்திகள் இருந்தன. அழிக்க மனம் வரவில்லை. அவள்தான் தொலைபேசியைப் பறித்து அழித்தாள். விளையாட்டு மறையும்வரை "அதுக்குள்ள போறியளோ?" என்று நான் தொலைபேசிக்கு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மார்க்கத்துக்குப் போய் அந்தத் தம்பியைப் பிடித்தேன். போகும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கண்டதும் எல்லாம் மறந்துபோய், "ஒட்டியாணம் எங்க?" என்றுதான் கத்தினேன்.

அவர் பயந்துபோய் என்னை உட்கார வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

"மேடம், நீங்க பெட்டியைத் தொடுற அந்த செகண்டுலயே உள்ள என்னன்னு முடிவாயிடும். அப்புறம் பெட்டி குலுங்குறது, ஒட்டியாணம் எட்டிப் பாக்குறது, நீங்க பேசுறது எல்லாம் சும்மா ஷோ."

"அப்ப 'கிட்ட வந்து தப்பிட்டுது' எண்டு நான் சொல்லுறது?"

"கிட்ட, தூரம்னு ஒண்ணுமே கிடையாது மேடம். ஒவ்வொரு பெட்டியும் புதுசு. இதுக்கு முன்னாடி நூறு திறந்திருந்தாலும் அதுக்கு ஞாபகம் இருக்காது. ஒட்டியாணம் எவ்வளவு அபூர்வம்னு ஹெல்ப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கோம். இங்கிலீஷ்ல."

அவர் பேசப் பேசத்தான் எனக்கு விளங்கியது. லொத்தர் சீட்டு விற்பவன்கூட, சீட்டு விழவில்லை என்றால் விழவில்லை என்றுதான் சொல்வான். "கொஞ்சத்தில தப்பிட்டுது ராசாத்தி" என்று தலையைத் தடவ மாட்டான். இங்கே அந்தத் தடவும் வேலைதான் என்னுடையது. கூலி வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். ராசாத்தியை மட்டும் கூலி வாங்காமலே கொடுத்திருக்கிறேன்.

என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் தயங்கித் தயங்கி ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்த தாள்தான். என் குரலைப் பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் பாவிக்கலாம் என்று அதில் இருந்தது. நாளைக்குச் செவ்வாய்க் கிரகத்தில் எங்கள் சனம் பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்துக் குடியேறினாலும், அங்கேயும் நான் பெட்டி திறக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"தம்பி, உம்மட அம்மா இதை விளையாடுறவவோ?" என்று கேட்டேன்.

அவர் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். "இப்படி ஒரு கேம் இருக்குன்னே அம்மாகிட்ட சொல்லல மேடம்," என்றார்.

அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

குரலை எடுக்க முடியாது என்றால், இன்னொரு குரலால் மறுக்கத்தானே வேண்டும். வானொலியை நடத்தும் அண்ணையிடம் போய், காற்றலையில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, உதோட கதை நிக்காது. பெட்டியைத் திறந்து பாக்கேல்லை எண்டு நீர் சொன்னால், அப்ப ஃபேர்னஸைத் திறந்து பாத்தனீரோ எண்டு சனம் கேக்கும். பிறகு எங்கட றேடியோவை ஆர் திறக்கிறது?"

"கேட்டால் அதுக்கும் மறுமொழி சொல்லுறன் அண்ணை."

"ஒரு அன்ரிக்காகவோ?"

"ஓம்."

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். "என்னவோ செய்யும், ஆனா விளம்பரக்காரற்றை பேரை இழுக்காதையும்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலைச் செய்தி முடிந்ததும் ஒலிவாங்கியைத் திறந்தேன். "நேயர்களே, நகைப்பெட்டி விளையாட்டில் பேசுவது நான்தான். கிட்ட வந்துவிட்டது என்று நான் சொல்வது உண்மையில்லை. கிட்ட என்று அங்கே ஒன்றும் கிடையாது. நான் அதைத் திறந்து பார்க்காமல்தான் உங்களுக்குச் சொன்னேன். பிறகு திறந்து பார்த்தேன், எனக்கும் காசு போனது. தயவுசெய்து திறக்காதேங்கோ."

தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முதலில் வந்தவர், "அப்ப நீங்கள் சொல்லி நான் கூப்பிட்ட ஃபேர்னஸ்காரர்?" என்றார். எனக்கு ஃபேர்னஸே கிடையாது என்று ஒப்புக்கொண்டேன். இரண்டாமவருக்கு வீட்டு ஏஜென்ற் பற்றிய சந்தேகம். அந்த ஆளை நான் கண்டதே இல்லை என்றேன். மூன்றாமவர் குரல் நடுங்க, "மட்டன் றோல்?" என்று கேட்டார். அது சத்தியமாக உண்மை, அண்ணை, அதை நான் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது ரொறொன்ரோ முழுவதும் கேட்டிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அண்ணை இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான்காவதாக அன்ரி வந்தார். றேடியோவைக் குறைத்துவிட்டார் போல, வழக்கமான கூச்சல் இல்லை.

"பிள்ளை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அன்ரி."

"இப்ப திறக்காதேங்கோ எண்டு சொன்னனீங்கள். உதுக்கு ஆர் ஸ்பொன்சர்?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"வேற விளையாட்டுக்காரர் ஆரும் காசு தந்து சொல்லச் சொல்லேல்லையே?"

"இல்லை அன்ரி. இது ஒருத்தரும் காசு தராமல் நான் சும்மா சொன்னது."

மறுமுனையில் சத்தமில்லை. வானொலியில் ஐந்து வினாடி சத்தம் நின்றால் நிலையம் செத்துவிட்டதென்று சனம் நினைக்கும். அன்றைக்கு அதைவிட நீண்ட நேரம் நின்றது. நான் அதை நிரப்பப் போகவில்லை.

"அப்ப அழிச்சுப்போடுறன்," என்றார் அன்ரி. "குறையிற காசை மகனிட்டைக் கேக்கிறன். வெள்ளிக்கிழமை காது மெசின்காரரிட்டைப் போவம்."

இருபது வருடமாக என் சொல்லுக்கெல்லாம் காரை எடுத்த சனத்தில், அதற்கு யார் காசு தந்தது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். காசுக்குச் சாட்சி சொல்லிச் சொல்லி, அப்படிக் கேட்கப் பழக்கிவிட்டதும் நான்தான். வெட்கத்தில் எனக்கு அடுத்த பாட்டின் பெயர் வாயில் வரவில்லை.